‘ஓரம் சுத்தம்’ என்றால் வேலை முடிந்ததா? மெக்கல் பையில் கண்ட கட்டி

கேள்வி: என் கணவருக்கு வயது 41. ராயக்கோட்டை தக்காளி மண்டியில் கணக்கு எழுதுகிறார். வலது அடிவயிற்றில் வலி, காய்ச்சல் என்று தர்மபுரியில் ஒரு மருத்துவமனையில் சேர்த்தோம். குடல்வால் என்று சொல்லித்தான் ஆபரேஷனுக்குக் கொண்டுபோனார்கள். வயிற்றைத் திறந்து பார்த்தால் குடல்வால் நன்றாக இருந்ததாம். சிறுகுடலில் பிறவியிலேயே இருந்த ஒரு பை வீங்கிச் சிவந்திருந்ததாம். அதை மட்டும் ஸ்டேப்ளர் போட்டு எடுத்துவிட்டார்கள். மூன்று வாரம் கழித்து வந்த பயாப்சி ரிப்போர்ட்டில் ‘நியூரோஎண்டோகிரைன் டியூமர், கிரேடு 1, 0.9 செ.மீ., தசை அடுக்கு வரை ஊடுருவியுள்ளது, வெட்டிய ஓரத்தில் கட்டி இல்லை’ என்று இருக்கிறது. ஆபரேஷன் செய்த டாக்டர் “முழுசா வந்துடுச்சு, பயப்படாதீங்க” என்கிறார். ஓசூரில் காட்டிய டாக்டர் டோட்டா ஸ்கேன், 24 மணி நேர யூரின் டெஸ்ட், ஒரு ரத்த டெஸ்ட் எழுதிக் கொடுத்து, “திரும்ப ஒரு ஆபரேஷன் வேண்டியிருக்கும்” என்கிறார். இது கேன்சரா? கீமோ கொடுக்க வேண்டுமா? எங்கள் ஊர் போர் தண்ணீரால் வந்ததா? எங்கள் இரண்டு பிள்ளைகளுக்கும் வருமா?
— பாலக்கோடு வாசகி

பதில்:

சகோதரிக்கு, பயாப்சி ரிப்போர்ட், டிஸ்சார்ஜ் சுருக்கம், ஆபரேஷன் குறிப்பு மூன்றையும் சேர்த்து அனுப்பியிருக்கிறீர்கள். பலர் ரிப்போர்ட்டின் கடைசி வரியை மட்டும்தான் எழுதி அனுப்புவார்கள். உங்கள் விஷயத்தில் பதில் இருப்பது நடு வரிகளில்.

முதலில் அந்தப் பை. கரு உருவாகும் முதல் வாரங்களில் குழந்தையின் குடலுக்கும் மஞ்சள்கருப் பைக்கும் இடையே தொப்புள் வழியாக ஒரு சின்னக் குழாய் ஓடும். கர்ப்பத்தின் ஏழாம், எட்டாம் வாரத்துக்குள் அது சுருங்கி மறைந்துவிட வேண்டும். நூற்றில் இரண்டு பேருக்கு அதன் குடல் பக்கத்து முனை மட்டும் மறையாமல், விரல் நுனி அளவில் பையாக நின்றுவிடும். ஜெர்மனியின் யோஹான் ஃப்ரீட்ரிக் மெக்கல் 1809-இல் இது எப்படி உண்டாகிறது என்று விளக்கியதால் மெக்கல் டைவர்டிகுலம் என்று பெயர். சிறுகுடல் பெருங்குடலோடு சேரும் வால்விலிருந்து மேலே சுமார் இரண்டடி தூரத்துக்குள் இருக்கும். உங்கள் கணவருக்கு 50 செ.மீ. என்று ஆபரேஷன் குறிப்பில் இருக்கிறது. வழக்கமான இடம்தான்.

பெரும்பாலானோர் இப்படி ஒரு பை இருப்பது தெரியாமலே வாழ்ந்து முடிப்பார்கள். தொல்லை கொடுத்தால் குழந்தைகளுக்கு ரத்தப்போக்கு, பெரியவர்களுக்குக் குடலடைப்பு அல்லது அழற்சி என்று வரும். அழற்சி வந்தால் வலியும் காய்ச்சலும் அச்சு அசலாகக் குடல்வால் போலவே இருக்கும். ஆகவே முன்கூட்டியே கண்டுபிடிக்கவில்லை என்று யாரையும் குறை சொல்ல முடியாது. குடல்வால் நன்றாக இருப்பதைப் பார்த்ததும் வயிற்றை மூடிவிடாமல் சிறுகுடலின் கடைசி இரண்டு மூன்று அடியை இழுத்துப் பார்த்தாரே, அந்த டாக்டர் தன் வேலையைச் சரியாகச் செய்திருக்கிறார்.

இந்தப் பைக்குள் கட்டி வருவது அபூர்வம். பல தொகுப்புகளைச் சேர்த்துப் பார்த்தால், எடுக்கப்பட்ட மெக்கல் பைகளில் 0.5 முதல் 3.2 சதவீதம் வரைதான். அப்படி வருவதில் மிக அதிகம் உங்கள் கணவருக்கு வந்த நியூரோஎண்டோகிரைன் கட்டி. பழைய பெயர் கார்சினாய்டு. 1907-இல் ஓபர்ன்டார்ஃபர் என்ற நோய்க்கூறு மருத்துவர் ‘புற்று மாதிரி இருக்கிறது, ஆனால் சாது’ என்ற பொருளில் வைத்த பெயர் அது. இது பரவவும் கூடும் என்று 1929-இல் அவரே திருத்திக்கொண்டார். திருத்தத்தை விட்டுவிட்டுப் பெயரை மட்டும் பிடித்துக்கொண்டதால்தான் இன்றும் சிலர் “இது கேன்சரே இல்லை” என்று சொல்லிவிடுகிறார்கள்.

ஆகவே உங்கள் முதல் கேள்விக்குப் பதில்: ஆம், இது புற்றுநோய் வகையில்தான் சேரும். ஆனால் மெதுவாக நகரும் வகை. மாதக் கணக்கில் ஓடும் நோயல்ல, வருடக் கணக்கில் ஊரும் நோய். கிரேடு 1 என்றால் செல்கள் மிக மெதுவாகப் பிரிகின்றன என்று அர்த்தம். பிரிந்துகொண்டிருக்கும் செல்கள் எத்தனை சதவீதம் என்று காட்டும் கே.ஐ.-67 என்ற அளவு 3 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் கிரேடு 1. 3 முதல் 20 வரை கிரேடு 2. அதற்கு மேல் கிரேடு 3. உங்கள் ரிப்போர்ட்டில் 1 சதவீதம் என்று இருக்கிறது. எத்தனை செல்களை எண்ணினார்கள் என்று எழுதவில்லை. குறைந்தது 500 செல்லாவது எண்ணிப் பார்த்திருக்க வேண்டும். கண்ணளவில் போட்ட சதவீதம் போதாது. இதை மறுபார்வையில் கேட்டுக்கொள்ளலாம்.

இனி முக்கியமான இடம். இரண்டு டாக்டர்களும் முரண்படுவதாக உங்களுக்குத் தோன்றுகிறது. ஒருவர் ‘0.9 செ.மீ., ஓரம் சுத்தம்’ என்ற வரியைப் படிக்கிறார். இன்னொருவர் ‘தசை அடுக்கு வரை’ என்ற வரியையும், அதற்குக் கீழே சின்ன எழுத்தில் இருக்கும் ‘டி2, என்.எக்ஸ்.’ என்பதையும் படிக்கிறார். ‘டி’ கட்டியின் நிலை, ‘என்’ நெறிக்கட்டிகளின் நிலை.

குடல்வாலில் இதே கட்டி 1 செ.மீ.-க்குள் இருந்தால் குடல்வாலை எடுத்ததோடு முடிந்தது, மேல் சிகிச்சை தேவையில்லை. இது உலகம் முழுக்க ஏற்கப்பட்ட விதி. குடல்வாலில் இந்தக் கட்டி அடிக்கடி தென்படுவதால் அறுவை மருத்துவர்களின் மனதில் பதிந்திருப்பதும் அந்த விதிதான். ஆனால் மெக்கல் பை குடல்வால் அல்ல. அது சிறுகுடலின் துண்டு. சிறுகுடலில் வரும் நியூரோஎண்டோகிரைன் கட்டிக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. அளவில் சின்னதாக இருக்கும்போதே பக்கத்து நெறிக்கட்டிக்குப் போய் உட்கார்ந்துகொள்ளும். குடலுக்குள் கட்டி பட்டாணி அளவு, குடல் தாங்கியில் (குடலைப் பிடித்திருக்கும் கொழுப்புத் திரை) உள்ள நெறி எலுமிச்சை அளவு என்பதெல்லாம் இந்த நோயில் அதிசயமில்லை. மெக்கல் பைக் கட்டிகளை மட்டும் தனியாக வைத்துச் செய்த ஆய்வுகள் சிறியவை. எனவே சந்தேகம் வந்தால் சிறுகுடலின் விதியைப் பின்பற்றுவதே பாதுகாப்பு. ஓசூர் டாக்டர் அதைத்தான் செய்கிறார்.

அளவை மட்டும் பார்த்தால் 1 செ.மீ.-க்குள்தான். ஆனால் தசை அடுக்கைத் தொட்டுவிட்டால் அளவு என்னவானாலும் டி2 ஆகிவிடும். அடுத்து என்.எக்ஸ். இது ‘என் ஜீரோ’ அல்ல. என் ஜீரோ என்றால் நெறிக்கட்டிகளை எடுத்துப் பார்த்தோம், நோய் இல்லை. என்.எக்ஸ். என்றால் பார்க்கவில்லை. பையின் அடியில் ஸ்டேப்ளர் வைத்து வெட்டும்போது குடல் தாங்கியின் கொழுப்பு கூட வராது. நெறிகள் இருப்பது அந்தக் கொழுப்பில்தான். அழற்சி என்று நினைத்து அவசரமாகச் செய்த ஆபரேஷனில் அது வராததில் தவறில்லை. ஆனால் ‘முழுசா வந்துடுச்சு’ என்பது பைக்குத்தான் பொருந்தும். நெறிகளைப் பற்றி இன்று யாருக்கும் தெரியாது.

இப்போது செய்ய வேண்டியது. முதல் வேலை ஆபரேஷன் அல்ல, பயாப்சியின் மறுபார்வை. எந்த லேபில் பயாப்சி பார்த்தார்களோ அங்கே ரிப்போர்ட்டின் எண்ணைச் சொல்லி ‘பாரஃபின் பிளாக்’கையும் ஸ்லைடுகளையும் எழுதிக் கொடுத்து வாங்குங்கள். பிளாக் என்பது மெழுகில் புதைத்த சதைத் துண்டு, தீப்பெட்டியில் பாதி அளவு இருக்கும். நோயாளி கேட்டால் கொடுப்பது வழக்கம்தான். ஸ்லைடு மட்டும் போதாது, புதிதாகச் சாயம் போட பிளாக் வேண்டும். சினாப்டோஃபைசின், குரோமோகிரானின் என்ற இரண்டு சாயங்களும் ஏறியிருந்தால் வகை உறுதி. பிளாக்கை வெயிலில் நிறுத்திய காருக்குள்ளோ பைக் பெட்டியிலோ வைக்காதீர்கள், மெழுகு இளகும். ஒரு டிபன் டப்பாவில் பஞ்சு வைத்து எடுத்துப் போனால் போதும்.

அடுத்தது ஸ்கேன். டை ஏற்றிய வயிற்று சி.டி. ஒன்று வேண்டும். அதை எங்கும் எடுக்கலாம். ஸ்டேப்ளரின் டைட்டானியம் பின்கள் சி.டி.-யில் வெள்ளைப் புள்ளி வரிசையாகத் தெரியும். பை இருந்த இடத்துக்கு அதுவே அடையாளம். அந்த இடத்துக்கு நேர் கீழே குடல் தாங்கியில் உருண்டையாக, ஓரம் நட்சத்திரம் போலச் சுருங்கிய எதுவும் இருக்கிறதா என்று குறிப்பாகப் பார்க்கச் சொல்ல வேண்டும். ‘மெக்கல் பையில் நியூரோஎண்டோகிரைன் கட்டி, அறுவைக்குப் பின்’ என்று சீட்டில் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். வெறும் ‘வயிற்று வலி’ என்று எழுதி அனுப்பினால் ரேடியாலஜிஸ்ட் அங்கே உற்றுப் பார்க்கக் காரணமில்லை.

டோட்டா ஸ்கேன் என்று ஓசூர் டாக்டர் எழுதியது காலியம்-68 டோட்டாடேட் பெட் சி.டி. இங்கேதான் பலர் பணத்தை வீணாக்குகிறார்கள். ‘பெட் ஸ்கேன்’ என்று மட்டும் சொன்னால் சர்க்கரை சேர்த்த சாதாரண பெட் எடுத்துவிடுவார்கள். மெதுவாக வளரும் கிரேடு 1 கட்டி சர்க்கரையை அதிகம் இழுக்காது. அந்த ஸ்கேன் ‘ஒன்றும் இல்லை’ என்று வந்தாலும் அதற்கு மதிப்பில்லை. டோட்டாடேட் என்பது இந்தக் கட்டியின் செல்மேல் இருக்கும் சோமாடோஸ்டாட்டின் என்ற ஹார்மோனுக்கான பிடியில் (ரிசெப்டர்) போய் ஒட்டும் மருந்து. அதனால்தான் பொட்டு நெறியும் ஒளிரும். எல்லா ஸ்கேன் சென்டரிலும் இது கிடையாது. கிருஷ்ணகிரியிலிருந்து வாணியம்பாடி, ஆம்பூர் வழியாகப் போனால் வேலூர் சி.எம்.சி., அந்தப் பக்கம் பெங்களூரு என இரண்டு திசையிலும் வசதி உண்டு. முன்பதிவு செய்யும்போது ‘டோட்டாடேட்’ என்ற சொல்லை அவர்கள் வாயிலிருந்து கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். மண்ணீரலும் கணையத்தின் தலைப்பகுதியும் இதில் இயல்பாகவே ஒளிரும். படத்தைப் பார்த்து வீட்டில் பதற வேண்டாம்.

மற்ற இரண்டு டெஸ்டுகளைப் பற்றி என் கருத்து சற்று வேறு. முகம் சிவந்து சூடேறுவது, காரணமில்லாத வயிற்றுப்போக்கு, மூச்சிளைப்பு இவை எதுவும் அவருக்கு இல்லை என்கிறீர்கள். அந்தத் தொல்லைகள் பெரும்பாலும் நோய் கல்லீரலுக்குப் போன பிறகே வரும். எனவே யூரின் டெஸ்டும் குரோமோகிரானின் ரத்த டெஸ்டும் இப்போது முடிவை மாற்றப்போவதில்லை. எடுப்பதானால் ஒழுங்காக எடுங்கள், இல்லையேல் பொய்யாக உயர்ந்த எண் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு ஆறு மாதம் தூக்கம் கெடும்.

யூரினில் பார்ப்பது 5-எச்.ஐ.ஏ.ஏ. என்ற கழிவு. இது சில உணவுகளாலேயே ஏறும். அதில் முதல் வரிசையில் இருப்பது தக்காளி! மண்டியில் வேலை, வீட்டில் தினமும் தக்காளி ரசமும் தொக்கும் என்றால் ரிப்போர்ட் ஏறித்தான் வரும். டெஸ்டுக்கு மூன்று நாள் முன்பிலிருந்து, யூரின் பிடித்து முடிக்கும் வரை தக்காளி, வாழைப்பழம், அன்னாசி, கத்தரிக்காய், வால்நட் கூடாது. புளி ரசம், மோர்க்குழம்பு என்று சமாளித்துக்கொள்ளலாம். பாராசிட்டமாலும் சில இருமல் மருந்துகளும் கணக்கைக் குழப்பும். என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்று லேபில் சொல்லுங்கள். பிடிக்கும் முறை: காலை எழுந்ததும் போகும் முதல் சிறுநீரைக் கேனில் பிடிக்காமல் விட்டுவிட்டு மணியைக் குறித்துக்கொள்ளுங்கள். அதன் பிறகு பகலும் இரவும் ஒரு சொட்டு விடாமல் லேப் கொடுத்த கேனிலேயே. மறுநாள் அதே மணிக்குப் போகும் சிறுநீரையும் சேர்த்தால் முடிந்தது. கேனில் முன்பே அமிலம் ஊற்றியிருப்பார்கள். அதைக் கொட்டிக் கழுவிவிடாதீர்கள், நேரடியாக அதற்குள் போகவும் வேண்டாம், ஒரு மக்கில் பிடித்து ஊற்றுங்கள். இடையில் மண்டிக்குப் போய் ஒரு தடவை வெளியே போய்விட்டால் டெஸ்ட் வீண். அன்று லீவு போடச் சொல்லுங்கள்.

குரோமோகிரானினைக் கெடுப்பது ‘கேஸ் மாத்திரை’. டிஸ்சார்ஜ் சீட்டில் பேன்டப்ரசோல் 15 நாளுக்கு என்று இருக்கிறது, இன்னும் சாப்பிடுவதாக எழுதியிருக்கிறீர்கள். அது வயிற்று அமிலத்தைக் குறைக்கும்போது இந்த அளவு தானாகவே ஏறும். டாக்டரிடம் கேட்டு நிறுத்தி, இரண்டு வாரம் கழித்தே ரத்தம் கொடுக்க வேண்டும்.

மறு ஆபரேஷன் வேண்டுமா என்றால் என் எண்ணம் இது. வயது 41, சர்க்கரையோ இதய நோயோ இல்லை, கட்டி தசையைத் தொட்டிருக்கிறது, நெறி பார்க்கப்படவில்லை. இந்த நான்கையும் சேர்த்துப் பார்த்தால் ஸ்கேன் சுத்தமாக வந்தாலும் அந்த இடத்துச் சிறுகுடல் துண்டையும், அதன் கீழுள்ள குடல் தாங்கியை ஆப்பு வடிவில் நெறிகளோடும் எடுப்பதையே நான் விரும்புவேன். அரை செ.மீ.-க்குக் குறைந்த நெறிகளில் உள்ள நோயை டோட்டாடேட்டும் தவறவிடக்கூடும். ஸ்கேனில் நெறி தெரிந்தால் ஆபரேஷன் என்பதில் விவாதமே இல்லை. இதே ரிப்போர்ட் 78 வயது இதய நோயாளி ஒருவருடையது என்றால் ஸ்கேன் பார்த்துக் கண்காணிப்போம் என்றுதான் சொல்வேன். ஆகவே கண்காணிக்கலாம் என்று சொல்லும் டாக்டரும் அறிவில்லாமல் சொல்வதில்லை. ஆனால் அவர் ‘என்.எக்ஸ்.’ என்பதைப் படித்துவிட்டுத்தான் அப்படிச் சொல்கிறாரா என்று கேளுங்கள்.

அவசரம் இல்லை. முதல் ஆபரேஷனின் ஒட்டல்கள் இளக ஆறு முதல் பன்னிரண்டு வாரம் விடுவது நல்லது. எடுக்கும் குடல் 15 முதல் 20 செ.மீ. இருக்கும், மொத்தச் சிறுகுடல் சுமார் 6 மீட்டர் என்பதால் சாப்பாட்டில் வித்தியாசமே தெரியாது. வைட்டமின் பி12-ஐ உறிஞ்சுவது சிறுகுடலின் கடைசி அறுபது செ.மீ. அவருக்கு வெட்டும் இடம் அதற்குள் வருவதால் வருடம் ஒருமுறை பி12 பார்த்தால் போதும். ஆபரேஷனுக்கு முன் டாக்டரிடம் இரண்டு விஷயம் கேளுங்கள்: முழுச் சிறுகுடலையும் விரலால் தடவிப் பார்ப்பீர்களா, எட்டு நெறிகளாவது வருமாறு எடுப்பீர்களா? சிறுகுடலில் இந்தக் கட்டி ஒன்றுக்கு மேல் இருப்பது உண்டு. கண்ணுக்குத் தெரியாதது விரலுக்குத் தட்டுப்படும். லேப்ராஸ்கோப்பியில் செய்தாலும் சின்ன வெட்டு வழியாகக் குடலை வெளியே எடுத்துத் தடவலாம்.

குடலை இணைத்த இடம் கசிவதானால் பெரும்பாலும் மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள் கசியும். காய்ச்சல், நாடி நூற்றுக்கு மேல், வயிறு உப்பி இறுகுவது என்றால் “சாதாரண வலிதான்” என்று வீட்டில் வைத்திருக்கக் கூடாது.

கீமோ வேண்டாம். கிரேடு 1-க்கு, முழுதாக எடுத்த பிறகு, கீமோவால் பயனில்லை. மாதம் ஒருமுறை போடும் ஆக்ட்ரியோடைடு ஊசி எடுக்க முடியாத நோய் மிச்சம் இருப்பவர்களுக்குத்தான். யாராவது ‘பாதுகாப்புக்காக’ எழுதிக் கொடுத்தால் காரணம் கேளுங்கள்.

போர் தண்ணீர் பற்றி. தர்மபுரி, கிருஷ்ணகிரி நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு அதிகம் என்பது உண்மை. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே அதற்காகத்தான். ஃப்ளோரைடு பல்லையும் எலும்பையும் கெடுக்கும். இந்தக் கட்டிக்கும் அதற்கும் தொடர்பில்லை. பை கருவிலேயே உண்டானது, உங்கள் சமையலோ தண்ணீரோ காரணமில்லை. பிள்ளைகளுக்கு ஸ்கேன் எதுவும் வேண்டாம், மெக்கல் பை வழக்கமாகப் பரம்பரையாக வருவதில்லை. பிள்ளைக்கு வலியில்லாமல் கருஞ்சிவப்பாக ரத்தம் போனால் மட்டும், எந்தப் பிள்ளைக்கும் போலவே, உடனே காட்டுங்கள்.

இதே பையில் வேறு கட்டிகளும் வருவதுண்டு. ஜிஸ்ட் (குடல் சுவரில் எழும் ஒரு வகைக் கட்டி) என்றால் சிகிச்சையே வேறு; கட்டியின் அளவு, செல் பிரியும் வேகம் பார்த்து, ஆபத்து அதிகமானால் இமாட்டினிப் மாத்திரை. அடினோகார்சினோமா (குடலின் உள்சவ்வில் எழும் புற்று) என்றால் பெரிய ஆபரேஷன், அதில்தான் கீமோவின் பேச்சு வரும். ‘ஹெட்டரோடோபிக் பேன்கிரியாஸ்’ என்று எழுதியிருந்தால் அது புற்றே அல்ல, இடம் மாறி முளைத்த கணையத் திசு. அந்த வார்த்தையைப் பார்த்துக் கணையப் புற்றுநோய் என்று அழுதுகொண்டு வருபவர்கள் உண்டு. வேறு காரணத்துக்காகச் செய்யும் ஆபரேஷனில் தற்செயலாகப் பை தென்பட்டால் எடுப்பதா, விடுவதா என்பது பழைய சர்ச்சை. 1,476 பேரை வைத்து மேயோ கிளினிக் 2005-இல் வெளியிட்ட ஆய்வு 50 வயதுக்குள், ஆண், 2 செ.மீ.-க்கு மேல் நீளம், தடவினால் தடிப்பு என்பவற்றைத் தொல்லைக்கு அறிகுறிகளாகச் சொன்னது. தடிப்பு தட்டுப்பட்டால் நான் விடமாட்டேன்.

ஆபரேஷனுக்குப் பின் முதல் வருடத்துக்குள் ஒரு சி.டி., பிறகு வருடத்துக்கோ இரண்டு வருடத்துக்கோ ஒன்று, பத்து வருடமாவது. ஐந்து வருடம் தாண்டிவிட்டது என்று ஃபைலைப் பரணில் போட்டுவிடாதீர்கள். இது தாமதமாகத் திரும்பும் நோய்.

செலவுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை இருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் என்றால் வருமானச் சான்றும் ரேஷன் கார்டும் கொண்டுபோய் ஆட்சியர் அலுவலகக் கவுன்டரில் எடுக்கலாம். குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை. பெங்களூரு பக்கம் போவதாக இருந்தால் அந்த மருத்துவமனையில் அட்டை செல்லுமா என்று முதலில் கேளுங்கள், அட்மிஷன் போட்ட பிறகு கேட்டுப் பயனில்லை. லேபுக்குப் போகும்போது பிளாக்கோடு, நுண்ணோக்கி விவரம் உள்ள முழு ரிப்போர்ட்டையும் கேட்டு வாங்குங்கள். உங்களிடம் இருப்பது இரண்டு பக்கம். கீழே ‘பக்கம் 2/3’ என்று அச்சாகியிருக்கிறது.